ஊத்துப்பாறைச் சோலையும் போட்டோக்கார குருவம்மாளும்

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதிக்குத் திரும்பும் முனையில் ஜக்கம்மா ஸ்டூடியோ இருந்தது. எழுபதுகளில் எங்கள் ஊரில் கல்யாணமான ஜோடிகளில் பாதிப் பேர் அங்கேதான் படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் தொங்கும் திரையில் ஒரு ஏரி, ஏரிக்கு நடுவே ஒரு படகு. தண்ணீரையே பார்க்காத மாப்பிள்ளைகூட அந்தத் திரைக்கு முன்னால் படகுக்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். எடுத்த படங்களில் நல்லதாகப் பார்த்து, தெருவைப் பார்த்த கண்ணாடி ஷோகேஸில் மாட்டுவார்கள். அதில் தன் படம் வந்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க ஊரில் அவருக்கு ஒரு மரியாதை.

ஸ்டூடியோ முதலாளி சீனிச்சாமி. 1973 ஐப்பசியில், குரங்கணி எஸ்டேட் ஒன்றில் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது, ஜீப்பு வளைவில் சரிந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நடமாடினார். ஆனால் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, ஏற்றம் ஏறவே முடியாது. எடுக்க ஒத்துக்கொண்ட படங்களோ அப்படியே கிடந்தன.

அவருடைய மனைவி குருவம்மாள் எட்டு வருஷமாக டார்க் ரூமில் படம் கழுவியவள். அவள் கேமராவை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"பொம்பள போயி மலையில படம் எடுக்கவா?" என்றார் சீனிச்சாமி கட்டிலில் படுத்தபடி.

"ஏலக்கா எடுக்குறதும் களை எடுக்குறதும் பொம்பளதான். படம் எடுத்தா மட்டும் மலை சரிஞ்சிருமா?"

இப்படித்தான், தன் முப்பத்திரண்டாவது வயதில், குருவம்மாள் முதன்முதலாகக் குரங்கணிக்கு மேலே ஏறினாள். ஊரில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேமராவுக்குள் குனிந்து பார்க்கும் அவளைப் பார்க்கவே சிலர் கல்யாண வீட்டுக்கு வந்தார்கள். படங்கள் சீனிச்சாமி எடுத்ததைவிட நன்றாக இருந்ததால் சிரிப்பு அதிக நாள் ஓடவில்லை.

எஸ்டேட்டில் அவளுக்குத் துணையாக வந்தவள் வேலுத்தாய். ஏலக்காய் எடுக்கும் கூலிக்காரி. ஓடையோரத்தில் எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடான லயத்தில் குடியிருந்தாள். ஒரு மாசி மாதம், ஆட்களை வரிசையில் நிற்க வைத்துப் படமெடுத்து முடிந்த பிறகு, வேலுத்தாய் குருவம்மாளின் கையைப் பிடித்து மேல்சோலைக்கு இழுத்துப் போனாள். அந்தச் சோலைக்கு ஊத்துப்பாறை என்று பெயர். பாறையிடுக்கில் பங்குனி வெயிலிலும் தண்ணீர் கசியும். ஓடையாக இறங்கி, கீழே கொட்டகுடி ஆற்றில் சேரும்.

"பேசாத அக்கா. அண்ணாந்து மட்டும் பாரு."

குருவம்மாள் பார்த்தாள். நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத மரம். வெகு உயரத்தில் ஒரு பொந்து, மண்ணும் எச்சமும் பூசி அடைத்த மாதிரி. நடுவில் ஒரு கீறல் மட்டும். சற்று நேரத்தில் காட்டுக்கு மேலே பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஏற்றத்தில் லாரி ஏதோ வருகிறது என்று நினைத்துத் திரும்பினாள். லாரி அல்ல, இறக்கைச் சத்தம். மஞ்சள் மூக்கும் மூக்குக்கு மேலே கொம்புமாக ஒரு பெரிய பறவை வந்து பொந்தைப் பிடித்துத் தொங்கியது. கீறலுக்குள் ஒரு அத்திப்பழத்தைக் கொடுத்தது. உள்ளேயிருந்து இன்னொரு மூக்கு அதை வாங்கிக்கொண்டது.

"மலையாளத்துக்காரங்க வேழாம்பல்ம்பாங்க. நம்மாளுக இருவாட்சிம்பாங்க. பொட்ட உள்ள முட்ட வச்சிருக்கு. குஞ்சு தெரண்டு வர்ற வரைக்கும் வெளிய வராது. ஆம்பளதான் தீனி போடணும்" என்றாள் வேலுத்தாய். "அது செத்துச்சுன்னா உள்ள இருக்குறதும் போச்சு."

குருவம்மாள் படம் எடுத்தாள். சீனிச்சாமி அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பறவை ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. "ஈ உக்காந்துருக்கு" என்றார். அடுத்த வாரம் அவள் மறுபடி ஏறினாள். அதற்கடுத்த வாரமும் ஏறினாள். கல்யாணமில்லாத ஞாயிற்றுக்கிழமையெல்லாம் காலை முதல் பஸ்சில் குரங்கணி போய், மாலைப் பஸ்சில் திரும்பி வந்தாள். எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்களிடம், "சோலி இருக்கு" என்பாள்.

மலையில் என்னென்ன இருக்கிறது என்பதை அவள் யாரிடமும் உட்கார்ந்து படிக்கவில்லை. பார்த்ததைப் படமெடுத்தாள். பெயர் தெரியாததை மதுரைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் பேராசிரியைக்கு அனுப்பிக் கேட்டாள். அந்த அம்மா பொறுமையாகப் பதில் போட்டார். இரண்டு முறை நேரிலும் வந்து அவளோடு மலையேறினார். சிங்கவால் குரங்கு, மலையணில், பாறை உச்சியில் நிற்கும் வரையாடு என்று குருவம்மாளின் படங்கள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்தன.

1975-இல் வேலுத்தாய் ஒரு சேதி கொண்டுவந்தாள். அவளுடைய அண்ணன் மூணாறுப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தான். "மேக்க, வரையாடு மேயுற மலையவே சரணாலயம்னு சொல்லிட்டாங்களாம். துப்பாக்கியோட போனா செயிலாம்."

"இந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் என்ன, பழைய கதைதான்."

"ஆட்டுக்கு எல்லைக்கல்லு தெரியுமா, வேலு?"

மறுநாள் குருவம்மாள் வனத்துறை ரேஞ்சு ஆபீசுக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த ரேஞ்சர் வயதானவர், நல்ல மனிதர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. ஊத்துப்பாறை வெள்ளைக்காரன் காலத்திலேயே ரிசர்வ் காடாக அறிவிக்கப்பட்டதுதான் என்று அவர் விளக்கினார்.

"ரிசர்வுன்னா என்னங்க?"

"அரசாங்கத்துக்குன்னு ஒதுக்கி வச்சதும்மா. மரம் சர்க்காருக்குச் சொந்தம்."

"சரி. அந்தப் பறவைக்குன்னு என்ன ஒதுக்கிருக்கு?"

ரேஞ்சர் சிரித்தார். அதற்கு வேறு சட்டம் வந்திருக்கிறது, சரணாலயம் என்று அறிவித்தால்தான் முழுக் காட்டுக்கும் காவல், அது சென்னையில் முடிவாக வேண்டியது என்றார். குருவம்மாள் சென்னைக்கு மனு எழுதினாள். மதுரை கலெக்டருக்கும் எழுதினாள். மனுவோடு இருவாட்சி படத்தையும் வைத்து அனுப்பினாள். பதிலே வரவில்லை. அடுத்த வருஷமும் அனுப்பினாள். அதற்கும் பதில் இல்லை.

மூன்று வருஷம் கழித்து, 1978-இல், காட்டுக்குள் கோடாலி வந்தது.

மரக் கான்ட்ராக்டர் சின்னச்சாமி குருவம்மாளின் பெரியப்பா மகன். ஊரில் பெரிய கை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு விறகு, மதுரை அறுவை மில்லுக்குத் தடி என்று எல்லாம் அவர் கையில்தான். ஊத்துப்பாறையில் பட்டுப்போன மரங்களையும் காற்றில் சாய்ந்த மரங்களையும் எடுத்துக்கொள்ள அவருக்கு உத்தரவு கிடைத்திருந்தது. புதிய ரேஞ்சர் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

வேலுத்தாய் ஒருநாள் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறி ஸ்டூடியோவுக்கு வந்தாள். பெஞ்சில் உட்காரவுமில்லை.

"அக்கா, பச்ச மரத்த வெட்டுறாங்க. சாஞ்சது ஒண்ணுகூட இல்ல. வெரசா வா."

குருவம்மாள் அவளோடேயே கிளம்பிப் போனாள். சோலையின் கீழ்ப்பாதி திறந்து கிடந்தது. அதுவரை அங்கே வெயில் விழுந்து அவள் பார்த்ததில்லை. மரங்கள் இருந்த இடத்தில் அடிக்கட்டைகள், அவற்றிலிருந்து பால் வழிந்துகொண்டிருந்தது. இருவாட்சி இருந்த மரமும் அதில் ஒன்று. பொந்து இருந்த துண்டை ஏற்கெனவே லாரியில் கொண்டுபோயிருந்தார்கள்.

வேலுத்தாய் அழுதாள். குருவம்மாள் அழவில்லை. "ஏறு" என்றாள்.

"எதுல?"

"கட்ட மேல ஏறி நில்லு. இடுப்புல கை வையி. எவ்வளவு பெரிய மரம்னு ஊரு பாக்கட்டும்."

அந்தப் படம்தான் பிறகு ஊரெல்லாம் பேசப்பட்டது. மேடை மாதிரி அகலமான அடிக்கட்டை, அதன் நடுவில் ஈரம், அதன் மேல் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேமராவை முறைக்கும் ஒரு கூலிக்காரி.

சீனிச்சாமி அதை டார்க் ரூமில் அச்சிட்டு, கிளிப்பில் மாட்டிக் காயவைத்து, வெகு நேரம் பார்த்தார். "இத என்ன செய்யப்போற?"

"ஷோகேஸ்ல வைக்கப் போறேன்."

"யார் வேலைன்னு ஊருக்கே தெரியும். சொந்தக்காரன். கல்யாண ஆர்டரு ஒண்ணு வராது பாத்துக்க. நம்ம பொழப்பு போயிரும்."

"போகட்டும்."

சீனிச்சாமி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார். படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "அப்படின்னா இந்த சைசு பத்தாது. பீரோ மேல பெரிய பேப்பர் இருக்கு, கொண்டா."

அப்போது ஷோகேஸின் நடுவில் இருந்தது சின்னச்சாமியின் மகள் செல்லக்கிளியின் கல்யாணப் படம். இருப்பதிலேயே பெரியது. குருவம்மாள் அதைக் கழற்றி, உறை போட்டுப் பத்திரமாக உள்ளே வைத்தாள். அந்த இடத்தில் அடிக்கட்டையை மாட்டினாள். கீழே ஒரு அட்டையில் எழுதினாள்: "ஊத்துப்பாறைச் சோலை. இது பட்ட மரமாம்."

அன்று சந்தை நாள். மத்தியானத்துக்குள் கடைக்கு முன்னால் தெரு அடைத்துக்கொண்டது. சாயங்காலம் சின்னச்சாமி வந்தார். கூட்டம் தானாக வழிவிட்டது. அவர் கோபத்தைக் காட்டவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாப்ளே, இடுப்பு எப்படி இருக்கு?" என்று சீனிச்சாமியை விசாரித்தார். பிறகு குருவம்மாளிடம் திரும்பினார். "தங்கச்சி, எம் மக படம் இருந்த எடத்துல என்னமோ கட்ட இருக்கு."

"ஆமாண்ணே. நீங்க வெட்டுனது."

"உத்தரவு வாங்கி வெட்டுறேன். கள்ளத்தனமா வெட்டல."

"உத்தரவுல பட்ட மரம்னு போட்டிருக்கு. பட்ட மரத்துல பாலு வருமாண்ணே?"

"அது உனக்கு எதுக்கு? நீ படம் எடுக்குறவ."

"படந்தான் எடுத்தேன். நான் ஒண்ணும் வெட்டலையே."

சின்னச்சாமி எழுந்தார். "நாளைக்குக் காலையில நான் இந்த வழியாப் போவேன். அது அங்க இருக்கக் கூடாது."

மறுநாள் காலையில் அவர் அந்த வழியாகப் போனார். படம் அங்கேயே இருந்தது.

சீனிச்சாமி சொன்னபடியே நடந்தது. தை மாதத்துக்குப் பேசி வைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வேறு ஸ்டூடியோவுக்குப் போயின. ஆள் வந்து சொல்லக்கூட இல்லை. பெரியப்பா வீட்டில் நடந்த காதுகுத்துக்குக் குருவம்மாளை மட்டும் அழைக்கவில்லை. ஒரு மத்தியானம், அவள் உள்ளே ஒரு கைக்குழந்தையைச் சிரிக்கவைக்கக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே சைக்கிளில் வந்த ஒருவன் ஷோகேஸ் மேல் கல்லை எறிந்துவிட்டு மிதித்துப் போனான். கண்ணாடி நொறுங்கியது. குழந்தை வீரிட்டது. வெளியே ஓடிவந்த குருவம்மாள் அவனுடைய முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

படத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவள் துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளைப் பெருக்கினாள். படத்தை நேராக்கி வைத்தாள். கண்ணாடி மாட்ட ஆளைக் கூப்பிடட்டுமா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார்.

"வேணாம். கண்ணாடி இல்லாம இன்னும் தெளிவாத் தெரியுது."

அன்றிலிருந்து ஒரு முக்காலியைப் போட்டு ஷோகேஸ் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் வந்தால் உள்ளே போய் எடுத்துக்கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து உட்காருவாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். நாளாக ஆக, எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு பேச்சு கிளம்பியது: அது கேரளப் பக்கத்துக் காடு, நம்ம மலையே இல்லை, பொம்பளை ஊரை ஏமாற்றுகிறாள் என்று. புதிய ரேஞ்சரும் அதையே சொன்னார்.

"வாங்க, நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்" என்றாள் குருவம்மாள். ரேஞ்சருக்கு வேறு வேலை இருந்தது.

வந்தவர் சிலமலைக் கிராமத்து ராக்கையா. சொந்தமாகக் கொஞ்சம் நெல்வயல் வைத்திருந்த விவசாயி. பாங்குக்கு ஒரு படம் எடுக்க வந்தவர், வாசலில் நின்று அடிக்கட்டைக்குப் பின்னால் தெரிந்த பாறையையே உற்றுப் பார்த்தார்.

"ஏத்தா, இது ஊத்துப்பாறதான? எங்க ஆத்துக்குத் தண்ணி எறங்குற எடம்ல?"

"அதேதான் மாமா."

"இந்த வருசம் மாசியிலயே ஆறு வத்திப்போச்சு. நாங்க மழையத் திட்டிக்கிட்டு இருக்கோம்." படமெடுக்க மறந்து அப்படியே திரும்பிப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிலமலையிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்களோடு ஸ்டூடியோ வாசலில் நின்றார். "ஏறு, குருவு. காட்டு."

குரங்கணிக்குக் கீழே, சாலை ஒரு வண்டி போகிற அளவுக்குக் குறுகும் வளைவில், எதிரே லோடு லாரி வந்தது. மேலே தடிகள் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தன. சில தடிகளில் இலை இன்னும் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. டிராக்டர் ஒதுங்கவில்லை. லாரி ஹாரன் அடித்தது. குருவம்மாள் இறங்கிப் போய் லாரிக்கு முன்னால் நின்றாள். கேமராவைத் திறந்து குனிந்தாள்.

டிரைவர் தவசி தலையை வெளியே நீட்டினான். "அக்கா, தள்ளு! பிரேக்கு சரியில்ல!"

"பிரேக்கு சரியில்லாமயா மலையில ஏறுன? நில்லுடா. உன் கல்யாணப் படத்த நாந்தான் எடுத்தேன். கண்ண மூடுறன்னு மூணு தடவ எடுக்க வேண்டியதாப்போச்சு. இன்னிக்குக் கண்ண நல்லாத் தொறந்து வச்சிருக்க. ஒரு தடவையே போதும்."

"எதுக்குக்கா படம்?"

"ஷோகேசுக்கு. கட்டைக்குப் பக்கத்துல உன் மூஞ்சி. எடம் வச்சிருக்கேன்."

தவசி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைச் சுற்றிக்கொண்டான். டிராக்டரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனை உடைத்தது. என்ஜினை நிறுத்திவிட்டு, மறுபக்கக் கதவைத் திறந்து குதித்து, துண்டை அவிழ்க்காமலேயே குரங்கணியை நோக்கி நடந்தான். கிளீனரும் அவன் பின்னாலேயே போனான். சாவி தவசியின் பையிலேயே போய்விட்டது. நடு ரோட்டில் லாரி தனியாக நின்றது.

செய்தி போய்ச் சின்னச்சாமி ஜீப்பில் வந்தார். இந்த முறை அவர் கத்தினார். குடும்ப மானம், நன்றிகெட்ட தனம், ஆம்பிளை இல்லாத வீடு என்று என்னென்னவோ சொன்னார். குருவம்மாள் மறுபடியும் கேமராவுக்குள் குனிந்தாள். படமெடுத்தாள். ராக்கையாதான் லாரி மேலே ஏறி, பச்சை இலையோடு ஒரு கொத்தை முறித்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுதான் பட்ட மரமா, அய்யா? எங்க வயல்லகூட இவ்வளவு பச்ச இல்ல."

அன்று யாரும் அங்கிருந்து நகரவில்லை. லயத்துப் பெண்கள் மேலேயிருந்து இறங்கி வந்து லாரிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பொழுது சாயும்போது, வேறு வழியில்லாமல் ரேஞ்சர் வந்தார். லோடு பறிமுதல் ஆனது. பிறகு மதுரையிலிருந்து விசாரணை வந்தது. உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். 1980-இல் காட்டை வேறு எதற்கும் திருப்ப டெல்லி அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, ஊத்துப்பாறை உத்தரவு அப்படியே செத்துப்போனது. மேல்பாதிச் சோலை தப்பியது.

கீழ்ப்பாதி போனது போனதுதான். குருவம்மாள் அதை வெற்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரணாலயம் கேட்டு எழுதுவதையும் நிறுத்தவில்லை. கல்யாண ஆர்டர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை. பெரியப்பா இறந்தபோது அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவளாகவே போனாள். வாவென்று யாரும் சொல்லவில்லை. அழுதுவிட்டு, கும்பிட்டுவிட்டு, திரும்பினாள். வாசலில் சின்னச்சாமி நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"இன்னும் அந்தப் படத்தக் கழட்டலையா?" என்றார்.

"இன்னும் மரம் மொளைக்கலையேண்ணே."



கதை இங்கே முடிந்திருந்தால் குருவம்மாளைப் பற்றி எழுத ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலர் போதும். ஆனால் 1985-இல் ஊத்துப்பாறைக்குக் காவல் போட்டார்கள். அவள் கேட்டதுதான் அது. காக்கிச் சட்டையோடு இரண்டு ஃபாரஸ்ட் கார்டுகள் ஓடைப் பக்கம் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். லாரி வராத காட்டில் அவர்கள் யாரைப் பிடிப்பார்கள்? சுள்ளி பொறுக்கப் போன லயத்துப் பெண்களைப் பிடித்தார்கள்.

வேலுத்தாயும் இன்னும் சில பெண்களும் சுமையோடு மாட்டினார்கள். நாள் முழுக்க உட்காரவைத்து, பெயர் எழுதிக்கொண்டு, விறகையும் அரிவாள்களையும் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். வேலுத்தாய் நேரே ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஷோகேஸில் அவளுடைய படம் இருந்தது. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"உனக்காகக் கட்ட மேல ஏறி நின்னேன். இப்ப என்னையத் திருடின்னு எழுதிருக்கான். லாரிக்காரன் ஊருக்குள்ள வெள்ளச் சட்ட போட்டுத் திரியுறான். உன் சரணாலயத்துல எங்களுக்கு எடமில்லையா, அக்கா?"

வேலுத்தாய் கோபம் தணியாமலே போய்விட்டாள். அன்று குருவம்மாள் கடையைச் சீக்கிரம் பூட்டினாள். "நான்தான கேட்டேன் காவல" என்று சீனிச்சாமியிடம் ஒருமுறை சொன்னாள்.

"காவல் கேட்ட. யாருக்கு எதிரான்னு சொல்லாம விட்டுட்ட" என்றார் அவர். "போயிச் சொல்லு."

போனாள். ரேஞ்சு ஆபீசில் இப்போது அவளுக்கு நாற்காலி போட்டார்கள். விறகு பொறுக்குவதும் சட்டப்படி குற்றம்தான், காடு என்றால் எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றார் அங்கிருந்த அதிகாரி. காய்ந்த சுள்ளிக்கும் வெட்டின மரத்துக்கும் ஒரே சட்டமா என்று கேட்டாள். அம்மா நீங்களே இப்படிப் பேசலாமா என்றார். பல முறை போனாள். நாற்காலி போடுவது நின்றுபோனது.

1986 அக்டோபரில் வன உயிரின வாரம் வந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டார்கள். மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். ஊத்துப்பாறையைக் காத்த பெண்மணிக்குப் பாராட்டு என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்தார்கள். உள்ளூர் வனத்துறை ஆட்களுக்கு அவளை அழைக்க மனமில்லை. மதுரையில் யாரோ பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.

குருவம்மாள் குரங்கணிக்குப் போய் வேலுத்தாயிடம், "நாளைக்கு வா. மத்தவங்களையும் கூட்டிட்டு வா" என்றாள்.

"எதுக்கு? கைதட்டவா?"

"இல்ல."

வேலுத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். "வர்றேன்" என்றாள்.

மேடையில் அதிகாரி பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். குருவம்மாள் அவர் கையை மெல்லத் தடுத்தாள். மைக்கை நோக்கி நடந்தாள். தொகுத்து வழங்கியவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அய்யா, வணக்கம். பொன்னாட வேணாம்" என்றாள். "இந்தச் சோலைய நான் ஒருத்தி காக்கல. பச்ச மரத்த வெட்டுறாங்கன்னு ஒரு நாக் கூலியவிட்டுட்டு வந்து சொன்னது வேலுத்தாய். லாரிக்கு முன்னால உக்காந்தது லயத்துப் பொம்பளைகதான். அங்க, கடைசி வரிசையில நிக்கிறாங்க. அவுங்க அரிவாள உங்க ஆளுக பிடுங்கி வச்சிருக்காங்க. சுள்ளி பொறுக்குனதுக்கு. அதத் திருப்பிக் குடுங்க. அவுங்க பேரத் திருட்டுக் கணக்குலருந்து எடுங்க. காவல் எங்களுக்கு வேணும், லாரிக்கு எதிரா. இவுங்களுக்கு எதிரா இல்ல. பத்து வருசத்துக்கு மேல சரணாலயம் கேக்குறேன், அதுக்கும் பதில் சொல்லுங்க. மேக்க ஆயிருச்சு, இங்க ஏன் ஆகல?"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அது ராக்கையாதான் என்று சொல்வார்கள். பந்தல் முழுக்கத் தட்டியது. மதுரை அதிகாரி தலை குனிந்து ரேஞ்சரிடம் ஏதோ கேட்டார். ரேஞ்சர் ஏதோ சொன்னார். அதிகாரி மறுபடியும் கேட்டார். ஜீப்பு ஒன்று புறப்பட்டுப் போனது.

மாணவர்களின் பாட்டு, நாடகம், பரிசளிப்பு எல்லாம் நடந்தன. குருவம்மாள் மேடையைவிட்டு இறங்கவில்லை. ஒரு ஓரமாக நின்றாள். அதிகாரிகளும் அவளைப் போகச் சொல்லவில்லை. தேசிய கீதம் பாடுவதற்குச் சற்று முன்னால் ஜீப்பு திரும்பி வந்தது. கார்டு ஒருவர் ஒரு சாக்கைத் தூக்கிவந்து மேடையில் போட்டார். கலகலவென்று சத்தம் கேட்டது.

குருவம்மாள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். பெண்கள் கூச்சத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, படியேறி வந்து, அவரவர் அரிவாளை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக வேலுத்தாய் வந்தாள். தன்னுடையதை எடுத்து, விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"துருப்பிடிக்க விட்டுட்டானுக" என்றாள் மைக்குக்குக் கேட்கிற மாதிரி. பந்தல் சிரித்தது.

சரணாலயத்தைப் பற்றி அந்த அதிகாரி பரிசீலிக்கிறோம் என்றார். அந்தப் பத்தாண்டு முடியும்வரை பரிசீலித்துக்கொண்டேதான் இருந்தார்கள். சுள்ளி பொறுக்குகிறவர்களைப் பிடிப்பது மட்டும் அதோடு நின்றது. பெயர்களையும் அடித்துவிட்டார்கள்.

அன்று பொன்னாடை மேடை நாற்காலியிலேயே கிடந்தது. குரங்கணிக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று வேலுத்தாய் அவசரப்படுத்தினாள். குருவம்மாளும் அவர்களோடு ஓட்டமும் நடையுமாகப் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். அரிவாளோடு ஏறக் கூடாது என்று கண்டக்டர் மறித்தார்.

"அரசாங்கமே மேடையில வச்சுக் குடுத்த அருவா" என்றாள் குருவம்மாள். "வழிய விடுங்க தம்பி."

அவர் வழிவிட்டார்.